நார்ஃபோக்கில் கல்யாணத்துக்கு இடம் பார்க்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், கடலுக்குள் புடைத்துக்கொண்டு நிற்கிற கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நார்ஃபோக். நான் நாரிச் நகரத்தில் குடியேறிய நாளிலிருந்து லண்டன் பக்கத்துச் சொந்தங்களும், அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "அங்கே ஒரு இடம் பார்த்தோம், போட்டோவில் பிரமாதமாக இருக்கிறது, போடலாமா?" என்பார்கள். போட்டோவில் எல்லா இடமும் பிரமாதம்தான். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? மண்டபத்தையா, விலையையா?

இரண்டையும் அல்ல, வரைபடத்தை. நார்ஃபோக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நாலைந்து ஊர்கள் மாதிரி வேறுபடும்.

மேற்கே ஹன்ஸ்டன்டன். கிழக்குக் கரையில் இருந்துகொண்டு மேற்கே கடலைப் பார்க்கிற ஊர் அது. அதனால் சூரியன் கடலில் இறங்குவதை அங்கே நின்று பார்க்கலாம். செங்கல் நிறம், சிவப்பு, வெள்ளை என்று பட்டை பட்டையாக இருக்கும் அதன் பாறைச் சுவர் போட்டோக்காரர்களுக்குப் பிடித்த இடம். அங்கிருந்து கிழக்கே வந்தால் உப்புச் சதுப்பும், ஹோல்காமின் பைன் காடும், கண்ணுக்கெட்டிய தூரம் மணலும். அழகு என்று கேட்டால் கவுண்டியிலேயே இந்த வடகரைதான் முதலிடம், விலையிலும் அப்படியே. லண்டன்காரர்கள் வார இறுதி வீடு வாங்கி வைத்திருக்கும் பகுதி இது. குரோமர், ஷெரிங்காம் வந்தால் மேட்டுக் கரையும், பழைய கடற்கரை ஹோட்டல்களும், குரோமரின் நண்டும்.

கிழக்குக் கரை மணல்மேடு. அங்கே கடல் கரையைத் தின்றுகொண்டே இருக்கிறது. ஹேஸ்பரோவில் தெருவே பாதி போய்விட்டது. உள்ளே வந்தால் பிராட்ஸ் என்கிற நீர்ப்பரப்புகள். பார்த்தால் இயற்கை ஏரி என்றுதான் தோன்றும். உண்மையில் இடைக்காலத்தில் எரிப்பதற்காகக் கரிமண் வெட்டி எடுத்த பள்ளங்கள், பிறகு தண்ணீர் ஏறிவிட்டது. நாணல், படகு, காற்றாலை என்று அது ஒரு தனி உலகம், கொசுவும் உண்டு. தெற்கே தெட்ஃபோர்டு பக்கம் பைன் காடு. நடுவில் வயல், வயல், மறுபடியும் வயல்.

உங்கள் விருந்தாளிகளில் பாதிப் பேர் எங்கே தங்குவார்கள், எப்படி வருவார்கள் என்பதை வைத்து முதலில் மூலையை முடிவு செய்யுங்கள். அப்புறம் அந்த மூலைக்குள் கட்டடம் தேடுங்கள். கட்டடத்தில் மயங்கிவிட்டு அப்புறம் வழியைத் தேடியவர்கள்தான் எனக்கு இரவு பத்து மணிக்கு ஃபோன் செய்கிறவர்கள்.

கடற்கரை மணலிலேயே கல்யாணம் வைக்க முடியுமா?

சட்டப்படி செல்லும் கல்யாணம் என்றால் முடியாது. இங்கிலாந்தில் சிவில் திருமணம் பதிவு அலுவலகத்தில் நடக்க வேண்டும், இல்லையென்றால் கவுன்சில் அனுமதி பெற்ற இடத்தில் நடக்க வேண்டும். ஹோட்டல், மாளிகை, பழைய களஞ்சியம் என்று இப்படிப்பட்ட இடங்களில் நடத்தும் வசதி 1995ல்தான் வந்தது. 2021 ஜூலையிலிருந்து அந்த இடத்தின் தோட்டத்திலும் நடத்தலாம் என்று தளர்த்தினார்கள். அந்தத் தோட்டம் அனுமதி பெற்ற வளாகத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பொதுக் கடற்கரை எந்த வளாகத்திலும் சேராது.

அதனால் பலரும் செய்வது இது: கடலுக்குப் பக்கத்தில் அனுமதி பெற்ற இடத்தில் கையெழுத்து, அப்புறம் மணலில் போட்டோ. மாலை மாற்றுவதையோ மோதிரம் மாற்றுவதையோ மணலில் வைத்துக்கொள்ள விரும்பினால், நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளலாம். சட்டத்தின் கண்ணில் அது சடங்கு மட்டும்தான்.

கடல் ஏற்றம் (ஹை டைட்) பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். நம் ஊர்க் கடற்கரையில் அலை முன்னால் வரும், நாம் பின்னால் நகர்வோம். இங்கே வடகரையில் தண்ணீர் பின்னாலிருந்து வரும். மணல் பரப்பு தட்டையாக இருப்பதால், வாய்க்கால் மாதிரியான பள்ளங்களில் முதலில் நிரம்பி, நீங்கள் நிற்கும் திட்டைச் சுற்றி வளைத்துவிடும். வெல்ஸ் கடற்கரையில் ஏற்றம் வரும்போது சங்கு ஊதுவார்கள், திட்டிலிருந்து கரைக்கு வந்துவிடுங்கள் என்பதற்காக. பிரான்காஸ்டரில் கடற்கரைக்குப் போகும் சாலையே பெரிய ஏற்றத்தில் மூழ்கும். பிளேக்னி படகுத்துறையில் கார் நிறுத்துமிடம் மூழ்கும்.

ஒருமுறை அந்தத் துறையில் நான் பார்த்தேன். கறுப்பு கோட்டு போட்ட ஒருவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் ஷூ, ஒரு கையில் சாவி, காரை நோக்கி நடக்கிறார். தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோட்டில் பூச்செண்டு குத்தியிருந்தது. எந்தக் கல்யாணமோ தெரியவில்லை.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. பெரிய ஏற்றம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அடுத்த ஓரிரு நாளிலும் வரும். பஞ்சாங்கம் பார்த்துத்தானே நாள் குறிக்கிறோம்? அதே பஞ்சாங்கத்தில் திதியையும் கவனியுங்கள். பெரிய ஏற்றம் இந்தக் கரையில் காலையிலும் மாலையிலும் வரும், அதாவது நீங்கள் போட்டோ எடுக்க நினைத்திருக்கும் அந்திப் பொழுதிலேயே. நாள் முடிவானதும் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துவிட்டு நேரத்தை எழுதுங்கள்.

பார்ன் வெட்டிங் என்கிறார்களே, அது நமக்குச் சரிவருமா?

பார்ன் என்பது தானியம் அடித்துச் சேர்த்து வைக்கும் பழைய களஞ்சியம். நார்ஃபோக் விவசாயக் கவுண்டி என்பதால் திரும்பிய பக்கமெல்லாம் இது இருக்கும். கிழக்குக் கரையில் வாக்ஸாம் என்ற இடத்தில் 16ம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று, ஏறக்குறைய 180 அடி நீளம், நாணல் கூரை. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த கப்பலுக்குள் நிற்பது மாதிரி இருக்கும்.

சரிவருமா என்றால், மூன்று விஷயம் பாருங்கள்.

நெருப்பு. மரச் சட்டம், நாணல் கூரை, பழைமையான கட்டடம் என்பதால் மெழுகுவர்த்திக்கே தடை போடும் இடங்கள் நிறைய. ஹோமம் வளர்க்க வேண்டும் என்றால் முதல் ஃபோனிலேயே கேளுங்கள். "சின்ன தீபம்" என்று மழுப்பாதீர்கள். செங்கல் அடுக்கி, மணல் கொட்டி, குண்டம் எத்தனை அங்குலம், நெருப்பு எவ்வளவு நேரம், நெய் ஊற்றினால் எவ்வளவு உயரம் எழும் என்று விவரமாகச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சில இடங்களில் முற்றத்தில் பந்தல் போட்டு ஹோமத்துக்கு விடுவார்கள். புகைக்கு அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்து நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

குளிர். கல்தரை, செங்கல்தரை. மார்ச் மாதத்தில் வெறுங்காலோடு மணவறையில் ஒன்றரை மணி நேரம் உட்காரப் போகிற பெண்ணையும் பையனையும் நினைத்துப் பாருங்கள். தரைக்கு அடியில் சூடு ஓடுகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தடித்த ஜமுக்காளம்.

அளவு. பெரும்பாலான பார்ன்களில் நூறு, நூற்றைம்பது பேர் உட்காரலாம். நம் பட்டியல் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பகல் விருந்தாளி, மாலை விருந்தாளி என்று பிரித்துக் கேட்கிறார்களே?

அது இந்த ஊர் வழக்கம். சடங்கு, உட்கார்ந்து சாப்பிடும் விருந்து இரண்டுக்கும் ஒரு சின்னக் கூட்டம். இரவு ஆட்டம் பாட்டுக்கு மட்டும் இன்னும் ஐம்பது பேர். இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம்மிடம் "ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாங்க" என்று பெரியப்பாவுக்குப் பத்திரிகை கொடுத்துப் பாருங்கள்! விலைப்பட்டியலில் "200 பேர் வரை" என்று இருந்தால், உட்கார வைத்துச் சாப்பாடு போட எத்தனை பேர் என்று தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு எண்.

அய்யர் வைத்துத் தாலி கட்டினால் அது சட்டப்படி செல்லுமா?

களஞ்சியத்திலோ ஹோட்டலிலோ கட்டினால் செல்லாது. அனுமதி பெற்ற அந்த இடங்களில் பதிவாளர் நடத்தும் சிவில் திருமணம் மட்டும்தான் சட்டத்தில் சேரும், அதில் மதச் சடங்கு கலக்கக் கூடாது. அதனால் இரண்டு வழி. ஒன்று, சில நாள் முன்னாலேயே பதிவு அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, கல்யாண நாளில் நிம்மதியாகச் சடங்கு. இன்னொன்று, அதே நாளில் அதே இடத்தில் பதிவாளரை வரவழைத்து, தனியாக இடைவெளி விட்டு இரண்டையும் நடத்துவது. நான் முதல் வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். இரண்டாவதில் பதிவாளர் இன்னொரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்ப்பார், அய்யர் முகூர்த்தம் போகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

கட்டடத்துக்குப் பதிலாக நடத்தி வைப்பவருக்கு அனுமதி கொடுக்கும்படி சட்டத்தை மாற்றலாம் என்று சட்ட ஆணையம் 2022ல் பரிந்துரைத்தது. அது சட்டமாகிற வரை பழைய விதிதான்.

பதிவுக்கு என்னென்ன செய்ய வேண்டும்?

இருவரும் நேரில் போய், அவரவர் வசிக்கும் பகுதிப் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ், அதாவது கல்யாணம் செய்யப் போகிறோம் என்ற அறிவிப்பு, கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியில் குறைந்தது 7 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் முழுசாக 28 நாள் இருக்க வேண்டும். விசா நிலையைப் பொறுத்து சிலருக்கு அது 70 நாளாக நீளும், ஊரிலிருந்து மாப்பிள்ளையோ பெண்ணோ வருகிற வீடுகள் இதைக் கவனியுங்கள். நோட்டீஸ் ஒரு வருடம் செல்லும். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நோட்டீஸில் எந்த இடத்தில் கல்யாணம் என்று எழுதுகிறீர்கள். அப்புறம் மனம் மாறி வேறு இடம் பிடித்தால், மறுபடி நோட்டீஸ், மறுபடி கட்டணம், மறுபடி 28 நாள். இடம் உறுதியான பிறகு போங்கள். அதேபோல, இடத்துக்கு முன்பணம் கட்டினால் பதிவாளரும் தானாக வந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். அவரைக் கவுன்சிலிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கோடைச் சனிக்கிழமை என்றால் முதலில் அவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

பழைய தேவாலயத்தில் செய்ய ஆசைப்படுகிறோம், கிடைக்குமா?

இடைக்காலத் தேவாலயங்கள் மட்டும் 600க்கு மேல் இருக்கிற கவுண்டி இது. வட்டக் கோபுரம் வைத்த தேவாலயங்கள் நாட்டிலேயே இங்கேதான் அதிகம். ஆனால் இங்கிலாந்துத் திருச்சபையின் கோயிலில் கல்யாணம் செய்ய அந்தப் பங்கோடு, அதாவது அந்தக் கோயிலுக்கு உட்பட்ட பகுதியோடு, ஏதாவது தொடர்பு வேண்டும். அங்கே ஞானஸ்நானம் பெற்றிருக்கலாம், எப்போதாவது ஆறு மாதம் குடியிருந்திருக்கலாம், பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே கல்யாணம் செய்திருக்கலாம். எதுவும் இல்லையென்றால் ஆறு மாதம் தொடர்ந்து ஆராதனைக்குப் போக வேண்டும். போதகரிடம் பேசுங்கள், வழி சொல்வார். குளிரும் வௌவாலும் கூடவே வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எந்த மாதம் நல்லது?

நாட்டிலேயே மழை குறைவான பக்கம் இது. அதனால் மழையைவிட வெளிச்சமும் காற்றும்தான் கணக்கு. ஜூன் கடைசியில் இரவு 9.20 வாக்கில்தான் சூரியன் மறையும். டிசம்பர் நடுவில் 3.40க்கு முன்னாலேயே போய்விடும். குளிர்காலக் கல்யாணத்தில் மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது வெளியே இருட்டு.

மே, ஜூனில் கரையோரத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். நாரிச்சில் வெயில் கொளுத்தும், குரோமரில் கடல் மூடுபனி வந்து கண் தெரியாது. இருபத்தைந்து மைல்தான் தூரம். ஆகஸ்டில் அறுவடை இயந்திரங்கள் ஓடும், பக்கத்து வயலில் பார்லி வெட்டினால் தூசு மணவறை வரை வரும். இலையுதிர் காலத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு லாரிகள் குறுகலான சாலைகளில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஜூலையில் லாவண்டர் பூக்கும், மேற்கே ஹன்ஸ்டன்டனை ஒட்டிய ஹீச்சம் பக்கம் கண்கொள்ளாக் காட்சி. எனக்குப் பிடித்தது செப்டம்பர் முதல் பாதி: கடல் கொஞ்சம் சூடேறியிருக்கும், பள்ளி திறந்துவிட்டதால் அறை கிடைக்கும்.

இடம் பார்க்கப் போகும்போது காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, பன்றிப் பண்ணை எங்கே இருக்கிறது என்றும் விசாரியுங்கள். இங்கே பன்றிகளைத் திறந்த வயலில் வளர்க்கிறார்கள். போட்டோவில் வாடை தெரியாது.

நாதஸ்வரம், தவில் வைக்கலாமா?

சத்தக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அமைதியான கிராமம் என்பதால் பல இடங்களில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருப்பார்கள். சத்தம் அளவு தாண்டினால் முதலில் ஆரஞ்சு விளக்கு, அப்புறம் சிவப்பு, அப்புறம் மேடைக்குப் போகும் மின்சாரம் போய்விடும். எங்கள் உறவில் ஒரு கல்யாணத்தில் தவில்காரர் கெட்டிமேளத்துக்கு நாலு அடி அடித்தார், மைக், ஸ்பீக்கர், வீடியோக்காரரின் விளக்கு எல்லாம் அணைந்தது. தவிலுக்கு மின்சாரம் வேண்டாமே, அது பாட்டுக்கு முழங்கியது. தாலி இருட்டிலும் சத்தத்திலும் ஏறியது. அந்த இடத்து மேலாளர் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் தவில் வரும் என்று முன்பே சொல்லியிருந்தோம், "டிரம்ஸ் பரவாயில்லை" என்று அவர்தான் சொன்னார். நேரில் வாசித்துக் காட்டிச் சோதித்துவிடுவதே நல்லது.

நம் சாப்பாடு போட விடுவார்களா?

சில இடங்களில் அவர்களுடைய சமையல்காரர் மட்டும்தான். சில இடங்களில் பட்டியலில் உள்ளவர்கள். வெளியாள் வரலாம் என்று சொன்னால் உடனே மகிழாதீர்கள், சமையலறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "கிச்சன் இருக்கிறது" என்பார்கள், போனால் இரண்டு அடுப்பும் ஒரு ஃபிரிட்ஜும் இருக்கும். லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து சாப்பாடு வண்டியில் வந்தால் இரண்டரை, மூன்று மணி நேரம். சாம்பார் தாங்கும். பொங்கலும் வடையும் தாங்காது. வெளியே காஸ் அடுப்பு வைக்க இடம், தண்ணீர்க் குழாய், வண்டி நிறுத்தக் கெட்டித் தரை ஆகிய மூன்றும் இருந்தால் நம் சமையல்காரர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.

காலை ஆறு, ஏழு மணி முகூர்த்தம் என்றால் இன்னொரு சிக்கல். பெரும்பாலான இடங்களில் சாவி ஒன்பது, பத்து மணிக்குத்தான். முந்தின இரவே மணவறை கட்ட விடுவார்களா, அதற்கு எவ்வளவு கூடுதல் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

விருந்தாளிகள் எப்படி வருவார்கள்?

நார்ஃபோக்கில் மோட்டார்வே ஒன்றுகூடக் கிடையாது. லண்டனிலிருந்து நாரிச்சுக்கும், மேற்கே இருக்கும் கிங்ஸ் லின் ஊருக்கும் ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் கதை. கிராமங்களில் இரவு பதினொரு மணிக்கு டாக்ஸி என்பது ஆப்பில் தட்டி வரவழைக்கிற விஷயம் இல்லை, மாதக்கணக்கில் முன்னால் சொல்லி வைக்க வேண்டும். பஸ் அமர்த்தினால், அந்தப் பாதையில் 50 இருக்கை வண்டி திரும்புமா என்று ஓட்டுநரிடமே கேளுங்கள். வயதானவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்றால், என் பேச்சைக் கேட்டு நாரிச்சுக்குள்ளேயே பாருங்கள். 18ம் நூற்றாண்டு அசெம்பிளி ஹவுஸ் மாதிரி இடங்கள் நகர மையத்திலேயே இருக்கின்றன, ஹோட்டலும் கடையும் பக்கத்தில்.

கட்டணத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சொன்ன தொகையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி. பெரிய தொகையில் அது சின்ன விஷயமில்லை. நாம் கொண்டுபோகும் மதுவுக்குப் பாட்டில் கணக்கில் காசு கேட்பார்களா, நாற்காலி மேசை வாடகையில் அடக்கமா, ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பும் என்பதையும் கேளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரையிலும், வார நாட்களிலும் நன்றாகக் குறைப்பார்கள்.

காசு இறுக்கம் என்றால் கிராமத்துப் பொதுக்கூடங்களை யாரும் நினைப்பதில்லை. ஊருக்கு ஊர் உண்டு, நல்ல சமையலறை இருக்கும், பக்கத்திலேயே விளையாட்டுத் திடல், அதில் கூடாரம் போடலாம். மது விற்பதாக இருந்து அங்கே உரிமம் இல்லையென்றால், 21 பவுண்டு கட்டிக் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும், பத்து வேலை நாள் முன்னால். பணியாளர்களையும் சேர்த்து 499 பேருக்கு மேல் போகக் கூடாது. நம் பட்டியலுக்கு இதுதான் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரே எண்!

பத்திரிகையில் ஊர்ப் பெயரை எப்படிப் போடுவது?

சிரிக்காதீர்கள், இது நிஜமான பிரச்சினை. எழுத்தில் விமாண்டம் என்று இருக்கும், ஊரார் சொல்வது விண்டம். ஹேப்பிஸ்பர்க் என்று படிப்பீர்கள், அது ஹேஸ்பரோ. டாக்ஸிக்காரரிடம் எழுத்தைக் கூட்டிப் படித்தால் அவர் வேறு கவுண்டி என்று நினைத்துக்கொள்வார். ஆங்கில எழுத்தோடு, உச்சரிப்பைத் தமிழிலும் போட்டுவிடுங்கள். அஞ்சல் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம், கிராமத்தில் ஒரே குறியீடு அரை மைல் தூரத்துக்கு இருக்கும். எங்கள் மாமா ஒருவர் அதை நம்பிப் போய், பட்டு வேட்டியோடு ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே இருந்த பாட்டி டீ கொடுத்து, தன் டிராக்டருக்குப் பின்னால் வரச் சொல்லிக் கொண்டுவந்து விட்டார். பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து அவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.